கசிவின் ஊற்றுக்கண்

உடுமலைப்பேட்டையிலிருந்து திருமூர்த்தி மலைக்குப் போகும் தளி சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகள். தோப்புகளுக்கிடையே அங்கங்கே செம்பழுப்பு நிறத்தில் வெட்டவெளிகள் தென்படும். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் தூளை உலர்த்தும் களங்கள் அவை. ஒரு காலத்தில் நார் மில்களின் ஓரத்தில் குன்றுபோல் குவிந்து, யாருக்கும் வேண்டாத பொருளாய்க் கிடந்த தூள் இது. இன்று அதைக் கழுவி, உலர்த்தி, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். அயல்நாட்டு நாற்றங்கால்களில் மண்ணுக்குப் பதிலாக இதில்தான் விதை முளைக்கிறது.

அப்படியொரு களத்துக்கு எங்கள் குழுவில் இருவர் சென்றிருந்தோம். போனது நண்பரைப் பார்க்கத்தான். பார்த்ததோ அவருடைய சிறு லோடர் வண்டியை. களத்தில் தூளை அள்ளிப் புரட்டும் அந்த வண்டியின் இடது பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் மூன்றுமுறை சீல் மாற்றியாகிவிட்டது என்றார் நண்பர். மாற்றிய சில நாள் காய்ந்திருக்கும். பிறகு மறுபடியும் ஈரம். எண்ணெய் பட்ட தூளை ஏற்றுமதிக்கு வாங்க மாட்டார்கள். ஒரு கைப்பிடி கறை, ஒரு கொள்கலன் சரக்கையே திருப்பி அனுப்பக் காரணமாகலாம் என்பதுதான் அவருடைய கவலை. வண்டி எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே தேவையில்லை. இந்தக் குள்ள வண்டியை யார் செய்திருந்தாலும் ஊரில் 'பாப்கேட்' என்றுதான் சொல்கிறார்கள்.

சக்கரத்தடியில் சொட்டும் எண்ணெய்க்கு ஒரு வரலாறு உண்டா? உண்டு என்பதே எங்கள் எண்ணம். அது உடுமலைக்கு வெளியே வெகுதூரம் போய், பின் வியப்பூட்டும் வகையில் கோவைக்கே திரும்பி வருகிறது.

முதலில் வண்டியைப் பற்றி. இதன் பிறப்பிடம் கோழிக்கொட்டகை என்பது நம்மில் பலர் அறியாதது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூர். அங்கே சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள் ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். அவ்வூர் வான்கோழிப் பண்ணையாளர் எடி வேலோ என்பவர் தம் கொட்டகையின் எருவை அள்ள ஒரு வண்டி கேட்டார். கொட்டகைக்குள் தூண்களுக்கு இடையே புகுந்து திரும்ப வேண்டும். மேல்தளத்தில் ஏற்றினாலும் தளம் தாங்க வேண்டும். சகோதரர்கள் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து 1957 பிப்ரவரியில் கொடுத்தார்கள். அதன் உரிமையை மெல்ரோ நிறுவனம் பெற்றது. 1960இல் நான்கு சக்கரத்துடன் எம்-400 வந்தது. பாப்கேட் என்ற பெயர் வந்தது 1962இல். 2023இல் அச்சகோதரர்களின் பெயர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் புகழ்ப்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கோழிக்கொட்டகையில் பிறந்த வண்டி உடுமலைப் பக்கம் வந்து சேர்ந்தது பொருத்தந்தான். 1980களில் இவ்வூரில் இரு சகோதரர்கள் சிறிய அளவில் தொடங்கிய சுகுணா நிறுவனம் ஒப்பந்த முறைக் கோழிவளர்ப்பைப் பரப்பியதையும், உடுமலை–பல்லடம் வட்டாரமே கறிக்கோழிக் கொட்டகைகளால் நிறைந்ததையும் வாசகர்கள் அறிவார்கள். கொட்டகைத் தரையில் பரப்பும் படுக்கையும் இதே நார்த்தூள்தான்.

இவ்வண்டிக்கு வளைந்து திரும்பும் சக்கரம் கிடையாது. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரு மோட்டார், வலப்பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுழன்றால் வண்டி தரையில் வழுக்கித் திரும்பும். இந்த மோட்டார்கள் மின்சாரத்தில் ஓடுவன அல்ல. பம்ப் தள்ளிவிடும் எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுபவை. அந்த அழுத்தம் கார் டயரில் உள்ளதைப் போல் நூறு மடங்குக்கும் மேல். மோட்டாரின் தண்டு, எண்ணெய் நிரம்பிய ஒரு செயின் பெட்டிக்குள் நீண்டு, அங்கிருந்து செயின் மூலம் இரு சக்கரங்களையும் சுழற்றுகிறது. இந்த அமைப்பை மனத்தில் இருத்திக்கொள்ள வாசகர்களை வேண்டுகிறோம். பின்னால் வேண்டியிருக்கும்.

*

திரவத்தை அழுத்தி வேலை வாங்கலாம் என்பதற்கான விதியைப் பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொல்லிவிட்டார். சிறு குழாயில் கொடுத்த அழுத்தம் பெரிய உருளையில் பன்மடங்கு விசையாகும். ஆனால் விதியிலிருந்து இயந்திரத்துக்கு வர ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. காரணம் வேறொன்றுமில்லை, கசிவுதான்.

லண்டனில் ஜோசப் பிராமா என்ற தச்சர் இருந்தார். பூட்டுச் செய்வதில் பேர்போனவர். தம் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிக் கடைச் சாளரத்தில் வைத்திருந்தார். 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 51 மணிநேரம் போராடித் திறக்கும்வரை அது திறபடவில்லை. அந்தப் பிராமா 1795இல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். யாரும் திறக்க முடியாத பூட்டைச் செய்தவரால் தண்ணீரைப் பூட்ட முடியவில்லை. உருளைக்கும் அதனுள் ஏறியிறங்கும் தண்டுக்கும் இடையே நீர் பீறிட்டது. அடைப்பைத் திருகி இறுக்கினால் கசிவு நின்றது. ஆனால் தண்டும் நின்றது. மேலே போனது கீழே வர மறுத்தது. தளர்த்தினால் மறுபடியும் கசிவு.

தீர்வு பிராமாவின் பட்டறையில் வேலைபார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞரிடமிருந்து வந்தது என்று சாமுவேல் ஸ்மைல்ஸ் 1863இல் வெளியான தம் நூலில் எழுதுகிறார். மாட்ஸ்லேயிடம் பணிபுரிந்த ஜேம்ஸ் நாஸ்மித்தும் அப்படியே சொல்கிறார். போல்டன் நகரத்துப் பெஞ்சமின் ஹிக்கின் பெயரும் இதில் சொல்லப்படுவதுண்டு. அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டாம். தீர்வு என்ன? ஒரு தோல் வளையம். அதன் ஓரங்களைக் கிண்ணம்போல் மடித்து, வாய்ப்புறம் நீரைப் பார்க்க வைத்தார்கள். நீரின் அழுத்தம் ஏறும்போது அதுவே தோலின் உதட்டைத் தண்டின்மீது அழுத்திவிடும். அழுத்தம் குறைந்தால் உதடு தளரும். தண்டு தன் எடையிலேயே இறங்கும். கசியத் துடிக்கும் நீரைக் கொண்டே கசிவை அடைத்துவிட்டார்கள். இதற்கு மேல் சொல்ல நமக்குச் சொல்லில்லை.

மாட்ஸ்லே வாரத்துக்கு முப்பது ஷில்லிங் வாங்கிக்கொண்டிருந்தார். குடும்பம் பெருகியது. 1797இல் கூலியைக் கூட்டிக் கேட்டார். பிராமா மறுத்தார். மாட்ஸ்லே வெளியேறித் தனிப்பட்டறை வைத்தார். அங்கே அவர் செம்மைப்படுத்திய திருகு கடையும் லேத்தின் வழித்தோன்றல்கள்தாம் இன்று கோவையின் சந்துகளிலும் உடுமலையின் பழனி சாலையிலும் சுழன்றுகொண்டிருக்கின்றன.

*

தோலால் நீரைக் கட்டும் வித்தையைக் கற்கக் கொங்கு நாடு லண்டனுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மோட்டார் வருமுன் இங்கே கிணற்றுப் பாசனம் முழுவதும் கவலையில்தான் நடந்தது. எருதுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, சால் மேலேறும். சாலின் அடியில் தைத்த தோல் தும்பி வாய்க்காலில் நீரைக் கொட்டும். தும்பி காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் பாதி நீர் கிணற்றுக்கே திரும்பும். ஆகவே எண்ணெய் தடவிப் பதம் காக்க வேண்டும். கிழிந்தால் தைக்க வேண்டும். இவ்வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் மாதாரிகள். அறுவடையின்போது தவசமாகக் கூலி பெற்றார்கள். களத்தின் ஓரத்தில் நின்றுதான் பெற்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காங்கேயம் பகுதியில் 1960களில் தங்கி ஆய்வுசெய்து 1972இல் நூல் வெளியிட்ட பிரெண்டா பெக், இச்சமூகப் படிநிலையை விரிவாகவே எழுதியிருக்கிறார். நீர் கசியாமல் காத்த கைகள் நீரெடுக்கும் கிணற்றுப் படியில் இறங்க முடியாத ஊர்கள் பல இருந்தன. லண்டன் தோல் வளையத்துக்கு இரண்டு பெயர்கள் போட்டியிடுகின்றன. இங்கே போட்டியிட ஒரு பெயர்கூட எஞ்சவில்லை.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள். கிணற்றுமேட்டில் எருதுகள் நின்றன. கவலைக்காரனின் பாட்டும் நின்றது. ஆனால் தோல் மட்டும் போகவில்லை. குடிநீர்க் கைப்பம்புக்குள் அது ஒளிந்துகொண்டது.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். இந்தியாவின் கிராமங்களில் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. மேலே பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகளோ ஓரிரு குடும்பங்களின் பயன்பாட்டுக்கு ஏற்றவை. ஊரே அடித்தால் தாங்காதவை. பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தன. யுனிசெஃப், சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலை, அரசின் பொறியியல் ஆய்வு அமைப்பு ஆகியோர் சேர்ந்து, சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாகக் கொண்டு 'இந்தியா மார்க் 2' என்ற பம்பை உருவாக்கினார்கள். 1970களின் நடுப்பகுதியில் அதன் மாதிரிகளைச் சோதிக்க அவர்கள் தேர்ந்தது கோவைப் பகுதியை. காரணம் பெருமைக்குரியதன்று. இங்கேதான் நீர்மட்டம் அவ்வளவு ஆழத்தில் இருந்தது. இங்கே தாங்கினால் எங்கும் தாங்கும்.

தாங்கியது. பிற்காலத்தில் ஆப்பிரிக்கா வரை போனது. நம்மில் முப்பது வயதைக் கடந்தவர் எவரும் அதன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காமல் வளர்ந்திருக்க முடியாது. ஆனால் அதன் பிஸ்டனில் இருந்தது தோல் வாஷர். கிண்ணம்போல் மடித்த தோல். வாய்ப்புறம் நீரைப் பார்க்க வைத்தது. அப்படியே மாட்ஸ்லேயின் உத்தி! சில ரூபாய் பெறும் அந்த வாஷர் தேய்ந்தால் ஊருக்குத் தண்ணீர் நின்றுவிடும். அதை மாற்ற வேண்டுமென்றால் பூமிக்குள் இறங்கிய குழாய் முழுவதையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். அதற்கு முக்காலியும் பாரம் தூக்கும் ஆட்களும் வேண்டும். ஆட்களைக் கொண்டுவர வண்டி வேண்டும். வண்டி வரும்வரை பெண்கள் குடத்தோடு பக்கத்து ஊருக்கு நடந்தார்கள்.

1983 முதல் 1988 வரை உலக வங்கியின் துணையோடு கோவைப் பகுதியில் மறுபடியும் ஒரு சோதனை நடந்தது. எந்த உறுப்பு எப்போது பழுதாகிறது, சரிசெய்ய எவ்வளவு நேரமாகிறது என்று பம்பு பம்பாகக் குறித்தார்கள். இரண்டு முடிவுகள் வந்தன. ஒன்று, தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் பல மடங்கு உழைத்தது. மற்றொன்று, வாஷர் நன்றாக உழைத்தால் மட்டும் போதாது, கைக்கு எட்டவும் வேண்டும். ஆகவே குழாயைப் பெரிதாக்கி, குழாய் இருக்கும் இடத்திலேயே இருக்க, பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கும்படி செய்தார்கள். அதுவே மார்க் 3. ஊரிலேயே ஒருவர் ஓரிரு சாவிகளை வைத்துக்கொண்டு பழுதுபார்க்கலாம் என்ற நிலை வந்தது. எந்தப் பொருளால் அடைப்பது என்று உலகம் முழுவதும் ஆராய்ந்திருக்கிறார்கள். அடைப்பை எடுக்க எவ்வளவு இரும்பைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. கோவையில் எண்ணிப் பார்த்தார்கள்.

இந்த நைட்ரைல் ரப்பர் எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரழுத்தப் பொறிகள் எண்ணெய்க்கு மாறின. எண்ணெய் உறையாது, துருப்பிடிக்க விடாது, உராய்வையும் குறைக்கும். ஆனால் மரத்தில் பால்வடித்த இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரைச் செய்தார்கள். அதே பத்தாண்டில் நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற, டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த முதியவர், வட்டமான ரப்பர் வளையத்தை அதைவிடச் சற்று அகலமான பள்ளத்தில் வைத்தால் அது நெடுநாள் கசியாமல் உழைக்கிறது என்று கண்டார். 1937இல் விண்ணப்பித்தபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. 1939இல் காப்புரிமை கிடைத்தது. போர் மூண்டது. விமானங்களுக்கு வேண்டுமென்று அரசு அந்த உரிமையைக் கையகப்படுத்தி எல்லாருக்கும் திறந்துவிட்டது. அவருக்குக் கிடைத்தது 75,000 டாலர். எஞ்சிய நியாயத்துக்காக நடந்த வழக்கு முடிந்தபோது அவர் இறந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆகியிருந்தன.

அந்த வளையந்தான் ஓ-ரிங். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்ததும் குளிரில் விறைத்த அத்தகைய வளையங்களால்தான். விசாரணையில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் வளையத்தின் ஒரு துண்டைப் பனிக்கட்டி நீரில் நனைத்துக் காட்டினார் என்பது புகழ்பெற்ற செய்தி. அதை இங்கே சொல்ல வேறொரு காரணம் உண்டு. அவ்விபத்தில் குற்றவாளி வளையம் மட்டும்தானா? குளிரில் ஏவ வேண்டாமென்று முந்தின இரவே பொறியாளர்கள் எச்சரித்திருந்தார்கள். கேட்கவில்லை. கசிந்த இடம் வேறு. கசிவின் ஊற்றுக்கண் வேறு.

*

களத்துக்குத் திரும்புவோம். நண்பர் வரவழைத்திருந்த மெக்கானிக், அறுபதைத் தாண்டிய பெரியவர். அவர் வந்து இறங்கியபோது, ஓட்டுநர் இளைஞன் இன்ஜினை ஓடவிட்டு, கசிவு எங்கே என்று ஹோஸ் குழாயின் அடியில் உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தான். பெரியவர் பாய்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "கையி வேணுமா வேண்டாமா தம்பி?" என்று அதட்டினார். ஊசிமுனைத் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. தோலைத் துளைத்துத் தசைக்குள் இறங்கிவிடும். வலி முதலில் சிறிதாகவே இருக்கும். உடனே அறுவை செய்யாவிட்டால் விரலை, சிலசமயம் கையையே எடுக்க நேரும். அட்டைத் துண்டை நீட்டித்தான் கசிவைத் தேட வேண்டும் என்று அவர் அவனுக்குச் சொன்னபோது குரல் தணிந்திருந்தது.

பிறகு அவர் நெடுநேரம் ஒன்றுமே செய்யவில்லை. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, தூக்கிய கைகளுக்குப் பூட்டுப் போட்டு, ஆறவிட்டார். செயின் பெட்டியின் மட்டம் பார்க்கும் அடைப்பைக் கழற்றினார். எண்ணெய் குபுகுபுவென்று வெளியே வந்தது. நண்பர் திகைத்தார். கசிகிற பெட்டியில் எண்ணெய் குறைந்தல்லவா இருக்க வேண்டும்?

"எச்சாத்தானுங்க இருக்குது. அதனாலதான் ஒழுகுது" என்றார் பெரியவர்.

முன்பு வந்தவர்கள் முதலில் சக்கர அச்சின் சீலை மாற்றியிருந்தார்கள். அது கசியும் இடம், அவ்வளவே. பெட்டி நிரம்பி வழிந்ததால் கசிந்தது. பெட்டியை நிரப்பியது யார்? சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார். அதன் தண்டைச் சுற்றியுள்ள சீல் வழியே ஹைட்ராலிக் எண்ணெய் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதாக வந்தவர் அதையும் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறார். அதற்கே இருக்கையைத் தூக்கி, குழாய்களைக் கழற்றி ஒரு முழுநாள் ஆகியிருக்கிறது. மார்க் 2 பம்பின் கதைதான். பத்து நாளில் புதுச் சீலும் ஒழுகியது. சீல் போலி என்று முடிவுகட்டி மூன்றாவது முறை மாற்றினார்கள்.

பெரியவர் மோட்டாரிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய குழாயில் சிறிய பிரஷர் கேஜைப் பொருத்தினார். 'கேஸ் டிரெயின்' என்பார்கள் அதை. மோட்டாருக்குள் இயல்பாகக் கசியும் எண்ணெய் அழுத்தமின்றித் தொட்டிக்குப் போய்ச்சேர வேண்டிய வழி. ஆம், கசிவு இல்லாத ஹைட்ராலிக் மோட்டார் உலகில் இல்லை. உள்ளே சற்றுக் கசிந்தால்தான் உராய்வின்றி ஓடும். அந்தக் கசிவுக்கு ஒரு வழி அமைத்திருக்கிறார்கள். இன்ஜினை ஓடவிட்டதும் கேஜின் முள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறியது. திரும்பும் வழி அடைபட்டிருந்தது. போக வழியற்ற எண்ணெய், மிகக் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த தண்டுச் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் சீலைப் போட்டாலும் அதே கதிதான்.

வழியில் கட்டைவிரல் அளவு ஃபில்டர் ஒன்று. அப்படியொன்று இருப்பதே நண்பருக்குத் தெரியாது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினார். கறுத்த குழம்புக்குள் பொன்னிறத் துகள்கள் மின்னின. மோட்டாருக்குள் தேயும் வெண்கலம் அது. நார்த்தூள் ரேடியேட்டரின் இடுக்குகளில் அடைந்திருந்ததையும் காட்டினார். காற்றுப் போகாமல் எண்ணெய் கொதித்திருக்கிறது. கொதித்த எண்ணெய் நீர்த்துப் போனால் உலோகங்களுக்கிடையே படலம் நிற்காது, தேய்மானம் கூடும்.

ஆக, சக்கரச் சீலிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து ஃபில்டருக்கு, அங்கிருந்து ரேடியேட்டரில் படிந்த தூளுக்கு. களத்தில் அன்றாடம் புரளும் அதே தூள்! அன்று மாலை வரை இருந்து பார்த்தோம். புது ஃபில்டர் போட்டார். ரேடியேட்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். பெட்டியின் மட்டத்தைச் சரிசெய்தார். தண்டுச் சீலையும் அச்சின் சீலையும் மாற்றினார். கேஜின் முள் அடங்கி நின்றது. ஆனால் நண்பர் எதிர்பார்த்த உறுதிமொழியை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

"ஒழுகறது நின்னுருச்சுங்க. மோட்டாரு தேஞ்சுட்டுத்தான் இருக்குது. மாசத்துக்கு ஒருக்கா அந்த ஃபில்டரக் கழட்டிப் பாருங்க. மினுக்குறது கூடுச்சுன்னா கூப்புடுங்க, எறக்கீரலாம்."

நண்பர் தலையசைத்தார். களத்து ஆட்கள் எண்ணெய் பட்ட தூளை மண்வெட்டியால் வழித்து, செங்கற்சூளைக்கு அனுப்பத் தனியே குவித்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஒரு டிராக்டர் பாரம் இருக்கும். ஓட்டுநர் இளைஞன் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒரு துண்டை இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்தான்.